அரிமளத்துக்கு மூன்று கப்பல் தானியம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களுக்கு ஒரு மணி நேரம் அனுபவப் பாடம் எடுக்கச் சொல்லி முதலாளி கேட்டார். நான் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டேன் என்பதை ஓய்வு பெற்ற மூன்றே மாதத்தில் மறந்துவிட்டார் போலிருக்கிறது. எனக்கு நினைவிருந்ததால் எழுதியே தருகிறேன். எழுத்தைப் பாதியில் மடித்துப் பைக்குள் வைத்துவிடலாம். எதிரில் நின்று பேசுகிற டீச்சரை அப்படிச் செய்ய முடியாது.

டீச்சர் என்பது என் பட்டம் அல்ல, பழைய தொழில். இங்கே வருவதற்கு முன் அரிமளத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் வைத்திருந்தேன். கம்ப்யூட்டர் வந்து அதை மூடியது. மூடியவனிடமே போய் வேலை கேட்பது என்று முடிவு செய்து, புதுக்கோட்டை கீழ மூன்றாம் வீதியில் துணிக்கடைக்கு மேலே இருக்கும் இந்த மாடிக்கு ஏறினேன். அப்போது எனக்கு நாற்பத்து மூன்று வயது. வீடியோ கேம் என்றால் என்னவென்று தெரியாது. ஆனால் நிமிடத்துக்கு எண்பது வார்த்தை தட்டுவேன், மவுஸைத் தொடமாட்டேன். எல்லாமே கீபோர்டுதான். அன்று அதைப் பார்த்து முதலாளி அசந்துபோனார்.

வேலை என்ன என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுக் கம்பெனிகள் செய்கிற கேம்களை, விற்பனைக்கு வரும் முன் ஆடிப் பார்த்து, எங்கே ஓட்டை என்று எழுதித் தருவது. என் நாத்தனார் இதை ஊரெல்லாம் "மதினி வெளாடப் போயிருக்காங்க" என்றுதான் சொல்வாள். மாதச் சம்பளம் வந்ததும் அதே வாயால் கைமாற்று கேட்பாள்.

எந்தப் பொத்தானை எப்போது அமுக்குவது என்பதெல்லாம் குறிப்பேட்டில் இருக்கிறது. நான் சொல்லப்போவது விண்வெளி ஆட்டத்தைப் பற்றி. உங்களில் பாதிப் பேர் நாளை அதன் அடுத்த பாகத்தில்தான் உட்காரப்போகிறீர்கள்.

அந்த ஆட்டத்தில் உங்களுக்கு ஒரு சாம்ராஜ்யம் தருவார்கள். அறுபது, எழுபது கிரகங்கள். ஒவ்வொன்றிலும் என்ன விதைப்பது, எத்தனை கப்பல் கட்டுவது, யாருக்கு எவ்வளவு சோறு என்று எல்லாவற்றையும் நீங்களே ஒவ்வொன்றாகச் சொல்லலாம். இல்லையென்றால் கிரகத்துக்கு ஒரு ஆளுநரைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்கலாம். ஆளுநர் என்பது கம்ப்யூட்டரே நடத்தும் அதிகாரி. எல்லாவற்றையும் நாமே செய்வதற்கு இங்கே "கை ஆட்டம்" என்று பெயர். ஆளுநரிடம் விடுவது "சும்மா ஆட்டம்". எப்படி ஆடினாலும் ஆட்டம் ஓட வேண்டும் என்பதுதான் கம்பெனியின் விளம்பரம். ஓடுகிறதா என்று பார்ப்பதுதான் நம் பிழைப்பு.

நான் பிறவியிலேயே கை ஆட்டக்காரி. பதினாறு மெஷினுக்கு நடுவில் நின்று, எவள் சுண்டுவிரலுக்குப் பதில் மோதிரவிரலால் தட்டுகிறாள் என்று முதுகுப் பக்கத்திலிருந்தே கண்டுபிடித்தவள். அந்த ஆட்டம் வந்த முதல் வருடம் எனக்குக் கிடைத்த சாம்ராஜ்யத்தில் அறுபத்தொரு கிரகம். ஒவ்வொன்றின் வயலையும் நானே பார்த்துப் பார்த்து விதைத்தேன். ஒரு சுற்று முடிக்க ஒன்றரை மணி நேரம் ஆனது. கடைக்கோடியில் இருந்த ஒரு சுண்டைக்காய்க் கிரகத்தில் பத்தாவது பண்ணை போதுமா, பதினொன்றாவது வேண்டுமா என்று யோசித்துக்கொண்டிருந்தபோது எதிரி வந்து என் தலைநகரத்தைப் பிடித்துவிட்டான். அவன் நாலு சுற்றாக வாசலிலேயே நின்றிருக்கிறான், நான் கவனிக்கவில்லை. அன்று நான் எழுதிய அறிக்கையில் "விவசாயப் பகுதி மிகச் சிறப்பு" என்று இருக்கும். போர்ப் பகுதியைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

முதலாளி இதற்கு நேர் எதிர். அவருக்கு ஊருக்கு வெளியே ரைஸ்மில் உண்டு, மனசு முழுக்க அங்கேதான். எதைக் கேட்டாலும் "நீங்க பாத்துக்கங்க டீச்சர்" என்பார். ஒரு தடவை இன்வெர்ட்டர் பேட்டரி செத்து ஆறு வாரம் கிடந்தது. நாலு தடவை சொன்னேன், நாலு தடவையும் அதே பதில். மில்லில் கரண்டு போன அன்றைக்குத்தான் பேட்டரிக்காரன் வந்தான். போகிற வழியில் நமக்கும் ஒன்றை மாட்டிவிட்டுப் போனான்.

இந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இப்போது கிடையாது, அதற்குக் காரணம் நான்தான். கம்பெனி கிரகங்களுக்கு வைத்திருக்கும் பெயர் எல்லாம் எழுத்தும் எண்ணுமாக இருக்கும். நானூற்றுப் பதினேழில் கலவரமா, நானூற்று எழுபத்தொன்றில் கலவரமா என்று குழம்பிப் போகும். அதனால் நாங்கள் எங்கள் ஊர்ப் பெயர்களை வைத்துக்கொண்டோம். திருமயத்தில் கப்பல் கட்டினோம், கீரனூரை எதிரியிடம் இழந்தோம், ஆலங்குடியை மீட்டோம். சாப்பாட்டு நேரத்தில் நாங்கள் பேசுவதைக் கேட்டுத் துணிக்கடைப் பெண்கள் பயந்து போனதும் உண்டு.

சும்மா ஆட்டம் சோதிப்பதற்கு விதி ஒன்றுதான். ஆளுநர்களைப் போட்டபின் இருநூறு சுற்று முடியும்வரை எதையும் தொடக்கூடாது. நிமிடத்துக்கு ஒரு சுற்று, தானாக ஓடும். கேட்க எளிதாக இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு மேல் உங்கள் சாம்ராஜ்யம் உங்கள் கண் முன்னால் முட்டாள்தனமாக நடந்துகொள்வதைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டு இருப்பது என்னவென்று நாளைக்கு உங்களுக்கே தெரியும்.

இந்தச் சோதனைக்கு நான் மேற்பார்வை. சும்மா இருப்பதை மேற்பார்வை செய்ய நான் ஒரு பாரம் அச்சடித்தேன். "கடந்த பதினைந்து நிமிடங்களில் நான் எதையும் தொடவில்லை" என்று எழுதி, கீழே கையெழுத்து. கால் மணிக்கு ஒரு தடவை நிரப்ப வேண்டும். குன்றாண்டார்கோவில் முருகேசனை உங்களுக்குத் தெரியும், இப்போதும் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்திருப்பவர்தான். வயல் மோட்டாரை போனிலேயே போட்டு நிறுத்துகிற கருவி வாங்கி, மணிக்குப் பத்து தடவை அது ஓடுகிறதா என்று பார்க்கிற மனிதர். அவரே வந்து நின்றார்.

"டீச்சர், பாரத்துல கையெழுத்துப் போட்டே கை ஓஞ்சு போச்சு. சும்மா இருக்கறதுக்கு இம்புட்டு வேலையா?"

"அப்பத்தான் நீங்க சும்மா இருப்பீங்க" என்றேன்.

அந்தச் சமயத்தில்தான் ஷமீமா வேலைக்குச் சேர்ந்தாள். இப்போது உங்களுக்குப் பொறுப்பாக இருக்கிறாளே, அவள்தான். ஜெகதாப்பட்டினத்துப் பெண். இங்கே ஹாஸ்டலில் இருந்துகொண்டு வாரக் கடைசியில் ஊருக்குப் போவாள். அவளுடைய அத்தா, அதாவது அப்பா, விசைப்படகு ஓட்டுகிறவர். முந்தின வருடம் கடலில் எல்லை தாண்டியதாகப் பிடிபட்டு, சிறையிலிருந்து அவர் மட்டும் திரும்பி வந்தார், படகு வரவில்லை. அதற்குப் பிறகு யாராவது கூப்பிட்டால் கூலிக்குப் போவார். வீடு இவள் சம்பளத்தில் ஓடியது. ஆறு மாதம் தகுதிகாண் காலம் முடிந்தால்தான் வேலை நிரந்தரம். தகுதி அறிக்கை எழுதுவது நான்.

அவள் என் பாரத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டீச்சர், நான் சாயங்காலம் ஒரே தடவையா கையெழுத்துப் போட்டுறட்டுமா? எதயாச்சும் தொட்டா நானே வந்து சொல்லிருவேன்" என்றாள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. திமிர் என்று நினைத்துக்கொண்டேன்.

அவளிடம் ஒரு நோட்டு உண்டு. எந்த ஆட்டம் தொடங்கினாலும் முதல் வரியில் ஒரு எண்ணை எழுதிக் கோடு போடுவாள். நாற்பது என்று எழுதினால், நாற்பதாவது சுற்றுவரை இடி விழுந்தாலும் கை அசையாது. நாற்பத்தொன்றில் பார்த்தால் பம்பரமாகச் சுற்றுவாள். என்ன கணக்கு இது என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கம்மா பழக்கம் டீச்சர். அத்தா படகு கரைக்கு வர லேட்டானா அம்மா யாரையும் கேக்காது, அழுவாது. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பாங்கு சொல்ற வரைக்கும் பாப்போம்னு முன்னாடியே முடிவு பண்ணி வச்சிருக்கும். பாங்கு சொல்லிட்டா, அப்பறம் ஒரு நிமிஷம் உக்காராது. துறைமுகம், போலீசு, கலெக்டர் ஆபீசுன்னு ஏறி எறங்கிரும். நேரத்த முன்னாடியே முடிவு பண்ணலேன்னா ரெண்டும் நடக்காதுன்னு சொல்லும். சும்மாவும் இருக்க முடியாது, எதயும் செய்யவும் முடியாது."

நல்ல விஷயம்தான் என்று தலையாட்டினேன். அந்த வாரம் அவளுடைய அறிக்கையில், "ஆர்வம் போதாது. பெரும்பாலும் சும்மா இருக்கிறார்" என்று எழுதினேன். சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்குகிற ஒருத்தியைப் பற்றி நான் எழுதியது அது.

கடைசிச் சோதனைக்கு வருகிறேன். பஞ்சம் வந்தால் ஆளுநர் பக்கத்துக் கிரகத்திலிருந்து தானாகத் தானியம் வரவழைக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஷமீமாவின் முறை. காலை பதினொரு மணிக்குத் தொடங்கினாள். நோட்டில் இருநூறு என்று எழுதிக் கோடு போட்டாள். ஒன்றேகாலுக்கு லுஹர் என்கிற மதியத் தொழுகைக்காகப் பின்பக்கத்து அறைக்குப் போனாள். ஆட்டம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. முருகேசனும் மற்றவர்களும் கடைக்கு முட்டை மாஸ் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் சோற்று டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு அவள் நாற்காலியைக் கடந்து போனேன்.

திரையில் சிவப்பில் ஒரு வரி ஓடியது. அரிமளம், உணவு இருப்பு இல்லை. பட்டினிச் சாவு தொடங்கியது.

என் மேல் உள்ள மரியாதையில் அவள் ஒரு கிரகத்துக்கு என் ஊர்ப் பெயரை வைத்திருக்கிறாள். எனக்கு அது அன்றுதான் தெரியும். அரிமளத்தில் நாற்பது லட்சம் பேர். நான் பார்த்துக்கொண்டு இருக்கும்போதே முப்பத்தெட்டானது. அடுத்த நிமிடம் முப்பத்தைந்து. பக்கத்துக் கிரகத்தில் தானியம் மலையாகக் குவிந்து கிடக்க, ஆளுநர் கோயில் குளத்துக்குப் படிக்கட்டு கட்டிக்கொண்டிருந்தார்.

உண்மையான அரிமளத்தில் அந்நேரம் என் வீட்டுக்காரர் சாம்பார் சாதம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்திருப்பார். அது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் நாற்காலியில் உட்காராமலேயே, டப்பாவை இடது கையில் பிடித்துக்கொண்டு வலது கையால் மூன்று கட்டளை தட்டினேன். மூன்று கப்பல் தானியம் அரிமளத்துக்குப் போனது. சிவப்பு வரி மறைந்தது. மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது, நான் போய்ச் சோறு தின்றேன்.

ஷமீமா திரும்பி வந்து பார்த்துவிட்டு, "டீச்சர், பஞ்சம் வந்து போயிருக்கு! ஆளுநரே சமாளிச்சுட்டாரு!" என்று சந்தோஷமாகச் சொன்னாள்.

நான் "ம்" என்றேன்.

பிள்ளைகளே, என் பணிக்காலத்தில் நான் செய்த பெரிய தப்பு அந்த மூன்று கட்டளைகள் அல்ல, இந்த "ம்"தான். தொட்டதை அப்போதே சொல்லியிருந்தால் அரை நாள் வீணாகியிருக்கும், மறுபடி ஓட்டியிருப்போம். சொல்லவில்லை. கால் மணிக்கு ஒரு பாரம் நிரப்ப வைத்தவளே கை வைத்தாள் என்று முருகேசன் ஒரு வருடம் பேசுவாரே என்ற வெட்கம். ஷமீமா "பஞ்சத்தை ஆளுநர் தாமே சமாளித்தார், தேறியது" என்று எழுதிக் கையெழுத்திட்டாள். நான் அதற்குக் கீழே சரிபார்த்தேன் என்று கையெழுத்திட்டேன்.

ஐந்து வாரம் கழித்து ஒரு நாள் காலையில் கம்பெனியிலிருந்து எல்லோருக்கும் மெயில் வந்தது. அங்கே எத்தனை முறை ஓட்டினாலும் ஆளுநர் கிரகத்தைப் பட்டினி போட்டே கொல்கிறார். உங்கள் ஆளுக்கு மட்டும் எப்படித் தேறியது? ஒன்று சோதனை நடக்கவில்லை, இல்லை பொய்யாக எழுதப்பட்டிருக்கிறது. அந்த நபரை எங்கள் வேலையிலிருந்து விலக்குங்கள், அன்றைய ஆட்டப் பதிவை அனுப்புங்கள்.

மதியம் முதலாளி மில்லை விட்டுவிட்டு மாடி ஏறி வந்தார். அவர் இங்கே நாற்காலியில் உட்கார்ந்ததை நான் பார்த்தது அன்றுதான். ஷமீமாவைக் கூப்பிட்டுக் கேட்டார்.

"நான் எதயும் தொடலைங்க சார். தொட்டிருந்தா எழுதியிருப்பேன்" என்றாள். கை மட்டும் துப்பட்டா நுனியைச் சுற்றிக்கொண்டே இருந்தது.

அவர் என் பக்கம் திரும்பினார். "நீங்க அங்கிட்டுத்தானே இருந்தீங்க டீச்சர். எதும் பாத்தீங்களா?"

முதுகுப் பக்கத்திலிருந்தே சுண்டுவிரலைக் கண்டுபிடிப்பவள் நான். "கவனிக்கலைங்க" என்றேன்.

அவர் பெருமூச்சு விட்டார். "அந்தப் பொண்ண நிப்பாட்டிருவோம். இல்லேன்னா மொத்த வேலையும் போயிரும். பதிவ அனுப்பச் சொல்லிருங்க. நீங்க ஒரு லெட்டர் டைப் பண்ணி வைங்க, நான் அஞ்சரைக்கு வந்து கையெழுத்துப் போடறேன்." சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

மூன்று மணிக்கு உட்கார்ந்தேன். பணியிலிருந்து விடுவிக்கும் கடிதம், நாலே வரி. இருபது வருடத்தில் எத்தனையோ பேருக்கு டைப்ரைட்டிங் பரீட்சையில் லோயர், ஹையர் பாஸ் வாங்கிக் கொடுத்த விரல்கள். "பணியிலிருந்து" என்ற வார்த்தையை மூன்று தடவை தப்பாக அடித்தேன். அழித்தேன், மறுபடி அடித்தேன், மறுபடியும் தப்பு. இன்ஸ்டிடியூட்டில் ஒரு பெண் இப்படிச் செய்திருந்தால் எழுப்பிவிட்டு முகம் கழுவி வரச் சொல்லியிருப்பேன். எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்தது, அதற்குள் என்னை நிறுத்திவிட்டால் என்ன என்று. ஷமீமாவோ எதிர் வரிசையில் உட்கார்ந்து தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழக்கூட இல்லை. அவள் அழுதிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

கடிதத்தை முழுவதும் அழித்துவிட்டு வேறொன்று அடித்தேன். அன்று ஒன்றேகால் மணிக்குப் பிறகு ஷமீமா தொழுகையில் இருந்தபோது தானியம் அனுப்பியது நான், அவளுக்குத் தெரியாது, அவள் எழுதியது அவள் கண்டதை, சரிபார்த்தேன் என்று பொய்க் கையெழுத்துப் போட்டதும் நான். காரணம் என்ற இடத்தில் என்ன எழுதுவது என்று ரொம்ப நேரம் யோசித்து, "பட்டினி கிடந்தது என் ஊர்" என்று எழுதினேன். ஒரு பிழை இல்லாமல் வந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முதலாளி அதை இரண்டு தடவை படித்தார். கம்பெனிக்கு எப்படிச் சொல்வது என்று கேட்டேன். "நீங்க பாத்துக்கங்க டீச்சர்" என்றார். பார்த்துக்கொண்டேன். ஷமீமாவின் வேலை நிரந்தரமானது, அறிக்கையை நான் புதிதாக எழுதினேன். சோதனையை மறுபடி ஓட்ட வேண்டும் என்றார்கள், என்னையே உட்கார வைத்தார்கள். இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, நாற்பது லட்சம் பேரும் ஒருவர் பாக்கியில்லாமல் போகும்வரை அரிமளத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தேன். முருகேசன் டீ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் வைத்தார். கூடவே என்னுடைய பாரம் ஒரு கட்டு. "கையெழுத்துப் போடுங்க டீச்சர், கால் மணி ஆச்சு" என்றார். போட்டேன். தேறவில்லை என்று எழுதி அனுப்பினோம், அவர்கள் ஆளுநரைச் சரி செய்தார்கள். ஊர்ப் பெயர் வைக்கும் வழக்கத்தை உடனே நிறுத்தச் சொல்லி ஒரு வரி வந்தது. ஆட்டம் விற்பனைக்கு வந்தபோது அட்டையில், "உங்கள் கிரகங்களுக்கு உங்கள் ஊர்ப் பெயரையே சூட்டலாம்" என்று பெரிதாகப் போட்டிருந்தார்கள்.

கையைக் கட்டுவதா, வைப்பதா என்று நாளைக்கு நீங்கள் என்னிடம் கேட்பீர்கள். எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது, கடிதத்தை அச்செடுத்து எடுத்துக்கொண்டு, முதலாளி வருவதற்கு முன் ஷமீமாவின் மேஜைக்குப் போனபோது நடந்தது மட்டும்தான்.

அவள் படித்தாள். தன் திரையை என் பக்கம் திருப்பினாள். கம்பெனி கேட்டிருந்த ஆட்டப் பதிவு அது. பகல் ஒன்று இருபத்திரண்டுக்கு மூன்று கட்டளை. எந்தக் கட்டளை எதிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது. மூன்றும் கீபோர்டிலிருந்து.

"இந்த ஆபீசுல மவுசத் தொடாம வேலை பாக்குறது ஒருத்தவங்கதானே டீச்சர்" என்றாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். "எப்பப் பாத்த?"

"காலையிலயே."

"அப்பறம் ஏன்ம்மா சார்ட்ட சொல்லல? அவரு கேட்டப்பவே காட்டியிருக்கலாம்ல."

"நான் காட்டுனா நீங்க மாட்டிக்கிட்டதா ஆயிரும். நீங்களா சொன்னா சொன்னதா இருக்கும். அதான், கைய வைக்கலை."

"நான் சொல்லாமலே இருந்திருந்தா?"

அவள் நோட்டைத் திறந்து காட்டினாள். அன்றைய தேதிக்குக் கீழே, முதல் வரியில், 5 மணி என்று எழுதிக் கோடு போட்டிருந்தாள்.

"அஞ்சு அடிச்சா பதிவ சாருக்கு அனுப்பியிருப்பேன் டீச்சர். கம்பெனிக்கும் சேத்து. எங்க வீட்டுக்கு இந்த வேலை வேணும்ல."

சுவரில் மணி பார்த்தேன். நாலு நாற்பத்தெட்டு.